மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு பெயர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்

எங்கள் தளத்தில் இருக்கும் மாமி ஒருவருக்குப் பல வருடங்களாக முடக்குவாதம். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி வைத்திருக்கிறார். வாரத்தில் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். இன்னொரு நாள் ஃபோலிக் ஆசிட். சென்ற மாதம் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது, இந்த இரண்டும் எதற்கு என்று என்னிடம் கேட்டார். மருத்துவர் சொன்னபடி சாப்பிடுங்கள் மாமி, அதில் கைவைக்காதீர்கள் என்று மட்டும் அப்போது சொன்னேன்.

ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. மெத்தோட்ரெக்சேட் என்பது ஃபோலிக் ஆசிட் உடலில் செய்யும் வேலையைத் தடுக்கும் மருந்து. தடுப்பதால் வரும் பக்க விளைவுகளைக் குறைக்கவே வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிடையும் கொடுக்கிறார்கள். ஒன்று விட்டமின், மற்றொன்று அதன் எதிரி. இரண்டும் ஒரே ஆய்வகத்தில், சில ஆண்டு இடைவெளியில், ஒரே மனிதரின் தலைமையில் உருவானவை. அவர் நம் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இந்த இதழின் வாழ்க்கைப் பக்கம் அவருக்கு.

திருவல்லிக்கேணியில் மூன்றாவது முயற்சி

1895 ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளில் நான்காமவர். வீட்டில் பணக்கஷ்டம். பதின்மூன்று வயது வாக்கில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பினார். வீட்டார் மீட்டுக் கொண்டுவந்தார்கள்.

படிப்பும் ஓட்டமாக ஓடவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. தந்தை காலமான பிறகு, தாயார் வெங்கம்மா நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மூன்றாவது முறை சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து தேறினார். பெரிய தெருவில் இன்றும் நடக்கும் அதே பள்ளிதான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரும் படித்த பள்ளி அது. அங்கிருந்து மாநிலக் கல்லூரி. அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

இடையில் துறவியாகிவிட வேண்டும் என்று ராமகிருஷ்ண மடத்தை நாடினார். மருத்துவம் படித்துச் சேவை செய் என்று அங்கே அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். 1919-இல் திருமணம். மனைவி பெயர் சேஷகிரி. மாமனார் கஸ்தூரி சூர்யநாராயண மூர்த்தி படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தார்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியோடுதான் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. படிப்பு முடிந்தபோது கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ். அதனால் அரசு மருத்துவ சேவையில் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளர் ஆனார்.

அந்த ஆண்டுகளில்தான் வீட்டில் பேரிடி விழுந்தது. சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்கள் இறந்தார்கள். நோய் ஸ்ப்ரூ. சாப்பிடும் சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளாமல், வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக ஆளை உருக்கிவிடும் வெப்பமண்டல நோய். வீட்டில் மருத்துவம் படித்த பிள்ளை இருந்தும் கொடுக்க மருந்து இல்லை. அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை.

பாஸ்டனில் ஒரு நீல நிறம்

1920-களின் தொடக்கத்தில், மாமனார் தந்த பணத்துடனும் காக்கிநாடா சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் ஆதரவுடனும் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமா படித்தார். கையில் இருந்த பணம் போதவில்லை. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை பார்த்தார்.

கிளம்பும்போது சேஷகிரி கர்ப்பிணி. பிறந்த மகனை சுப்பாராவ் பார்க்கவே இல்லை. குழந்தை ஒரு வயதுகூட நிறையாமல் இறந்துவிட்டது. அவர் அதன்பின் இந்தியா திரும்பவும் இல்லை, மனைவியைப் பார்க்கவும் இல்லை. இதை நியாயப்படுத்த நான் முயலவில்லை. அவருடைய சாதனைகளைப் பட்டியலிடும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

டிப்ளமா முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். துறைத் தலைவர் ஆட்டோ ஃபோலின். சுப்பாராவ் இணைந்து வேலை செய்தது சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன். இருவரும் எடுத்துக்கொண்ட பிரச்சினை எளிமையாகத் தெரியும்: ரத்தத்திலும் சிறுநீரிலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளப்பது எப்படி?

அவர்கள் கண்டுபிடித்த வழி இதுதான். மாதிரியில் உள்ள பாஸ்பேட்டை மாலிப்டேட்டுடன் சேர்க்க வேண்டும். அதில் உண்டாகும் சேர்மத்தை இன்னொரு வேதிப்பொருளால் ஒடுக்கினால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் எவ்வளவு அதிகமோ, நீலமும் அவ்வளவு அழுத்தம். நிறத்தை அளந்தால் பாஸ்பரஸை அளந்தது போல. 1925-இல் ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரியில் இந்தக் கட்டுரை வந்தது. ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று இன்றும் பாடப்புத்தகங்களில் அதற்குப் பெயர். மருத்துவக் கல்லூரி, உயிர்வேதியியல் மாணவர்கள் நம் குடியிருப்பில் சிலர் இருக்கிறார்கள். செய்முறை வகுப்பில் இந்த நீலத்தை அவர்கள் பார்த்திருக்கக்கூடும்.

அளவுகோல் கையில் வந்ததும் கண்டுபிடிப்புகள் பின்தொடர்ந்தன. 1927-இல் தசையிலிருந்து பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மத்தை அடையாளம் கண்டார்கள். அதே நேரத்தில் இங்கிலாந்திலும் தனியாக அதைக் கண்டார்கள். 1929-இல் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். நாம் படி ஏறினாலும், கண் இமைத்தாலும், தூங்கினாலும் நம் உடல் செலவழிக்கும் ஆற்றலின் சில்லறைக் காசு அந்த ஏ.டி.பி.தான். தசை இயங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை இருந்த கருத்து ஆட்டம் கண்டது. 1930-இல் ஹார்வர்ட் சுப்பாராவுக்குப் பிஎச்.டி. கொடுத்தது.

மேற்கோள் என்னும் கணக்கு

நம்மில் பலருடைய பிள்ளைகள் ஆராய்ச்சியில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வரும்போது பேசும் ஒரு வார்த்தை சைட்டேஷன். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பிறகு வரும் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்ற கணக்கு. 1960-களில் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் இதை முறைப்படித் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணைக் கொண்டுவந்தார். ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன என்று பொருள். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று பலவற்றுக்கும் இன்று இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை பெரும்பாலும் மகத்தான கண்டுபிடிப்புகள் அல்ல, செய்முறைகள். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது 1951-இல் ஆலிவர் லோரி குழுவினர் எழுதிய, புரத அளவைக் கண்டுபிடிக்கும் முறை பற்றிய கட்டுரை. 2014-இல் எண்ணியபோது மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஃபோலினின் பெயர் வருகிறது, ஏனென்றால் அந்த முறையில் பயன்படுவது அவருடைய வேதிப்பொருள். சுப்பாராவ் வேலை பார்த்த துறையின் தலைவரான அதே ஃபோலின்.

ஃபிஸ்க்–சுப்பாராவ் கட்டுரையும் அப்படித்தான். அது வெளிவந்து நாற்பது வருடம் கழித்துத்தான் மேற்கோள்களை எண்ணவே ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகும் அது ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. 1959-இல் பார்ட்லெட் என்பவர் அதைக் கொஞ்சம் மாற்றி எழுதிய கட்டுரையும் தனியாகப் புகழ்பெற்றது.

ஆனால் ஏ.டி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அந்த மூன்றெழுத்து இல்லாமல் உயிரியல் புத்தகமே கிடையாது. நம் குடியிருப்பின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். அதற்காக எந்த ஆய்வாளரும் 1929-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப்போய் மேற்கோள் காட்டுவதில்லை. பூமி உருண்டை என்று எழுதும்போது யாருக்கு நன்றி சொல்கிறோம்? ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டால் கண்டுபிடித்தவர் பெயர் கரைந்துவிடுகிறது. மேற்கோள் கணக்கால் அளக்க முடியாத வெற்றி அது.

வெளிவராத பக்கங்கள்

இத்தனைக்கும் பிறகு ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. கீழ்நிலைப் பதவியிலேயே வருடங்கள் ஓடின. அதே துறையில் மாணவராக இருந்து, 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளைப் பல வருடம் கழித்து வேறு ஆட்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், ஃபிஸ்க் பொறாமையால் அவற்றை வெளிவர விடவில்லை போலும் என்றும் அவர் கருதினார்.

இது ஒருவர் தரப்புச் சாட்சியம்தான். ஆனாலும் சொன்னவர் அருகிலிருந்து பார்த்தவர். வெளிவராத கட்டுரைக்கு மேற்கோள் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம். அதை எந்த இண்டெக்ஸும் காட்டாது.

பேர்ல் ரிவரில் எட்டு ஆண்டுகள்

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்கு வந்தார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்தது எட்டு ஆண்டுகள். அதில் நடந்தவற்றைப் பாருங்கள்.

முதலில் ஃபோலிக் ஆசிட். இதற்கு முன்கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில், கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாவதைக் கண்டார். ஈஸ்டிலும் கல்லீரலிலும் இருந்த அந்தச் சத்து எது என்று தெரியவில்லை. லெடர்லே குழு கல்லீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1945-இல் செயற்கையாகவும் தயாரித்தது. அடுத்த வருடமே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. சகோதரர்களை இழந்து கால் நூற்றாண்டு கழித்து, அந்த நோய்க்கான மருந்து அவருடைய ஆய்வகத்திலிருந்தே வந்தது.

1946-இல் வந்த ஃபோலிக் ஆசிட் அமைப்பு பற்றிய கட்டுரையில் 16 பெயர்கள். ஆய்வகத்தின் தலைவர் என்பதால் சுப்பாராவ் பெயர் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. அகர வரிசையில் எங்கோ நடுவில் இருக்கிறது.

அடுத்தது ஃபோலிக் ஆசிடின் எதிரி மருந்துகள். பாஸ்டனில் குழந்தைகளுக்கான மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் வகைச் சேர்மங்களைக் கொடுத்தால் நோய் வேகமெடுப்பதைக் கவனித்தார். அப்படியானால் அந்தச் சத்தைத் தடுத்தால் நோய் அடங்குமா? தடுக்கும் சேர்மங்களை லெடர்லே குழு தயாரித்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அதுவரை அந்த நோய் வந்த குழந்தைக்கு யாராலும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. இன்றைய கீமோதெரபியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அது. 1948 ஜூனில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை. அதே மருந்துக் குடும்பத்தின் அடுத்த பிள்ளைதான் மாமியின் பெட்டியில் இருக்கும் மெத்தோட்ரெக்சேட்.

மூன்றாவது, யானைக்கால் நோய்க்கு மருந்து. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு இந்த நோய் தொற்றியது. லெடர்லே தேடலில் இறங்கியது. 1947-இல் டை எத்தில் கார்பமசைன் வந்தது. அதுதான் டி.இ.சி. மாத்திரை. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, நம் கண்முன்னே விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டுரையில் சுப்பாராவ் பெயர் இருக்கிறது, வரிசையின் கடைசியில்.

நான்காவது ஆரியோமைசின். பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்று, எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கரை லெடர்லே வேலைக்குச் சேர்த்திருந்தது. மிசௌரி மாநில வயல் மண்ணில் இருந்த தங்க நிற நுண்ணுயிரியிலிருந்து அவர் அந்த ஆன்டிபயாடிக்கை 1945-இல் கண்டார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. மழைவெள்ளக் காலத்தில் எலிக்காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் டாக்சிசைக்ளின் அதே குடும்பம். 1948-இல் வந்த அறிவிப்புக் கட்டுரை டக்கர் பெயரில் மட்டும். ஆராய்ச்சி இயக்குநர் தன் பெயரை அதில் சேர்க்கவில்லை.

ஹார்வர்டில் அவர் பெயர் வராமல் போனதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. இங்கே நிலைமை வேறு. பெயரைப் போட்டுக்கொள்ளும் அதிகாரம் இப்போது அவர் கையிலேயே இருந்தது. அப்படியும் பெரும்பாலும் வேலை செய்தவர்களையே முன்னே நிறுத்தினார். பேட்டியும் விளம்பரமும் தேடிப் போகவில்லை.

1948 ஆகஸ்டில் ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53.

பிறகு

அவர் மறைந்த பின், லெடர்லேயில் உடன் வேலை பார்த்த பூஞ்சையியலாளர் ஹெசல்டைன், 1953-இல் ஒரு புதிய பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார். 1995-இல், பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. நோபல் பரிசு கிடைக்கவில்லை.

இன்றைய பல்கலைக்கழகத் தேர்வுக் குழு ஒன்று அவருடைய லெடர்லே ஆண்டுகளை மட்டும் எடுத்து, முதல் பெயராக எத்தனை கட்டுரை, எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்திருக்கும். மேற்கோள் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது, யாரும் எண்ணுவதில்லை.

மாமியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்தப் பெண் சேஷகிரி என்ன ஆனாள் என்பது. என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பெயர் வராமல் போனவர்கள் பட்டியலில் முதலில் அவரைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஒரு சிறு வேண்டுகோள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பெரியவர்கள் நம் குடியிருப்பில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முடக்குவாதத்துக்கு அது வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்து. தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பெட்டியில் எந்த நாள் அறையில் போட்டிருக்கிறது என்று வீட்டில் உள்ள இளையவர்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அப்படியே இந்தக் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.